மாங்கொட்டையும் மீன் குளமும்

வைகாசி, ஆனி மாதங்களில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் பிரயாணம் செய்வோர், மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் பக்கம் போக நேர்ந்தால் மூக்கைப் பிடித்துக் கொள்ளாமல் திரும்ப முடியாது. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் மாம்பழம் அங்கே லாரி லாரியாய் வந்து இறங்குகிறது. கூழ் டப்பாக்களில் அடைபட்டு அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. தோலும் கொட்டையும் நமக்கு மிஞ்சுகின்றன. பழத்தின் எடையில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இவ்வஸ்து, அழுகி நாறுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது போல் கிடக்கிறது.

இதே ஜில்லாவில் மீன் வளர்ப்போரும் இருக்கின்றனர். 1957-ல் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி என்னும் விஞ்ஞானி, ஊசி மருந்தேற்றிக் கெண்டை இனங்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்த பிறகு, கட்லா, ரோகு குஞ்சுகளுக்கு ஆற்றையே நம்பியிருக்கும் நிலை மாறிற்று. இப்போதுள்ள கஷ்டம் தீவனமே. கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் வாங்கியே மீன் வளர்ப்பவன் கைமுதல் கரைகிறது. செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும் தொழிலில், ஏழைக்கு மலிவாய் மீன் கிடைப்பது எங்ஙனம்?

மாங்கொட்டைப் பருப்பில் பாதிக்கு மேற்பட்டது மாச்சத்து; நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை கொழுப்பு; புரதமோ ஆறு, ஏழு பங்குதான். வளரும் கெண்டைக்கு நூற்றுக்கு 25 முதல் 30 வரை புரதமுள்ள உணவு வேண்டும். ஆகவே, பருப்பு மாவு தவிட்டுக்கும் மக்காச் சோளத்துக்கும் ஓரளவு ஈடாகுமேயன்றிப் புண்ணாக்குக்கு ஈடாகாது. இதைச் சர்வரோக நிவாரணி என்று பறையறைவோர் பேச்சை நேயர்கள் நம்ப வேண்டுவதில்லை. பருப்பில் துவர்ப்புச் சத்தும் உண்டு. அது மீனின் ஜீரணத்தைக் கெடுக்கும். பஞ்ச காலங்களில் நம் தேசத்து ஏழை ஜனங்கள் மாங்கொட்டைப் பருப்பை ஊற வைத்துக் கழுவி, அரைத்து உண்டு உயிர் தரித்தனர். ஊற வைத்தலும் வேக வைத்தலும் புளிக்க வைத்தலும் துவர்ப்பைக் குறைக்கும் என்பதை ஆராய்ச்சிக்காரர்களும் கண்டிருக்கின்றனர்.

தோலின் விஷயம் வேறு. அதில் பெரும்பகுதி நீரே. கூடையோடு கொண்டுபோய்ப் பச்சையாகக் குளத்தில் கொட்டினால் அது அழுகித் தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்று விடும். விடிவதற்குள் மீன்கள் செத்து மிதக்கும். மாங்காய்க் காலமோ இரண்டு, மூன்று மாதம். ஏரிகளில் பலவும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னரே நிரம்புகின்றன. இடைப்பட்ட மாதங்களில் கெடாமலிருக்கத் தோலும் பருப்பும் ஓரிரு நாட்களுக்குள் உலர்த்தப்பட வேண்டும்; ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து விஷமாகும். எனவே முட்டுக்கட்டையாக நிற்பது விஞ்ஞானமன்று, உலர்களம்தான்.

அக்களத்தை யார் அமைப்பது? தண்ணீரை அசுத்தப்படுத்துவதைத் தடுக்க 1974-ல் இயற்றிய சட்டம், கழிவை எங்கே விடலாகாது என்று விதிக்கிறது. எங்கே கொண்டு சேர்ப்பது என்பது அதன் கவலையன்று. தொழிற்சாலை முதலாளிகளிடமே முழுவதையும் விட்டு விட்டால், இன்று இனாமாய்க் கிடக்கும் குப்பை நாளை மூட்டைக்கு விலை பேசப்படும். வரத்து மிகுந்த வருஷங்களில் பழத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீடு திரும்பும் தோட்டக்காரனுக்கு அதில் காலணாவும் சேராது. கிராமத்துப் பொருள் கிராமத்திலேயே பக்குவமாக வேண்டும் என்று ஆயுள் முழுதும் வாதாடிய தஞ்சாவூர்க்காரர் ஜே.சி.குமரப்பா இருந்திருந்தால், மா விவசாயிகளும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து களம் நடத்தட்டும் என்றே கூறியிருப்பார். எமது அபிப்பிராயமும் அதுவே. சர்க்கார் நிலமும், காய வைக்கும் தட்டுகளும், அரவை யந்திரமும் கொடுத்தால் போதும்.

பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பையூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. இரண்டும் ஒரே ஜில்லாவில் உள்ளன. அடுத்த வைகாசிக்கு முன் இவ்விரு நிலையத்தாரையும் ஒரு மேஜையில் உட்கார வைத்து, ஒரு களத்தையேனும் திறக்குமாறு ஜில்லா கலெக்டரைக் கேட்டுக் கொள்கிறோம்.