விளைகிறது, வீடு சேர்வதில்லை

நைஜீரிய விவசாயி தோற்பது வயலில் மட்டுமல்ல. அறுவடைக்குப் பின்னால்தான் அவருடைய பெரிய நஷ்டம் தொடங்குகிறது. சில எளிய தீர்வுகள் பலன் தருகின்றன. ஆனால் பயத்துக்கு யார் மருந்து கொடுப்பது?

வடக்கு நைஜீரியாவின் கானோ, கடூனா வயல்களில் தக்காளி ஏற்றும்போது கூடை நிறைந்திருக்கிறது. நாரில் பின்னிய கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக லாரியில் அடுக்குகிறார்கள். பிறகு வெயிலில், குண்டும் குழியுமான சாலையில் சுமார் 1,000 கிலோமீட்டர் தெற்கே பயணம். வழிநெடுகச் சோதனைச் சாவடிகள்; நிற்கிற இடமெல்லாம் கையூட்டு. லேகோஸ் நகரின் 'மைல் 12' சந்தையில் இறக்கும்போது அடிக்கூடைகளிலிருந்து சாறு ஒழுகுகிறது. நாட்டில் விளையும் தக்காளியில் ஏறத்தாழ பாதி, அடுப்படிக்குப் போகாமலே வீணாகிறது என்பது மதிப்பீடு. ஆப்பிரிக்காவில் அதிகமாகத் தக்காளி விளைவிக்கும் நாடுகளில் ஒன்று, சீனாவிலிருந்து தக்காளிக் கூழை வாங்கிய விந்தை இப்படித்தான் நடந்தது.

நைஜீரியாவின் மண்ணைக் குறை சொல்ல முடியாது. மரவள்ளிக் கிழங்கு, மற்றொரு கிழங்கான 'யாம்', காராமணி மூன்றிலும் உலகில் முதலிடம் இந்த நாட்டுக்குத்தான். மரவள்ளி மட்டும் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டன். இருந்தும் 20 கோடிக்கு மேல் மக்கள் வாழும் இந்த நாட்டின் அதிபர் போலா டினுபு, 2023 ஜூலையில் உணவு நெருக்கடி நிலையை அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் அவர் பதவியேற்ற அன்றே பெட்ரோல் மானியம் முடிவுக்கு வந்தது. லாரி வாடகை எகிறியது. சந்தையில் விலை ஏறியது. விவசாயியின் கையில் மிஞ்சியது ஏறவில்லை.

இது ஒரே நாளில் வந்த நிலைமை அல்ல. 1960களில் கானோவின் அடையாளமே நிலக்கடலை மூட்டைகளை அடுக்கிய பிரமிடுகள்தான். 1970களில் எண்ணெய்ப் பணம் கொட்டியது. அரசின் கண் வயலிலிருந்து எண்ணெய்க் கிணற்றுக்குத் திரும்பியது. பிரமிடுகள் மறைந்தன. சாலை, கிடங்கு, பாசனம் எல்லாம் பின்தங்கின. இன்றும் சாகுபடி நிலத்தில் மிகச் சிறு பங்குக்குத்தான் பாசன வசதி. மற்றதெல்லாம் மழையை நம்பித்தான்.

பானை தந்த பாடம்

வடக்கே ஜிகாவா மாநிலத்தில் முகமது பா அப்பா என்றொரு ஆசிரியர் இருந்தார். குயவர் குடும்பத்தில் பிறந்தவர். 1990களின் நடுவில் அவர் செய்தது இவ்வளவுதான்: ஒரு பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்தார். இடைவெளியில் ஈர மணலை நிரப்பினார். ஈரத் துணியால் மூடினார். மணலின் ஈரம் ஆவியாகும்போது உள்பானை குளிர்ந்தது. 3 நாளில் வாடும் கத்திரிக்காய் 27 நாள் தாங்கியது. மின்சாரம் தேவையில்லை. உள்ளூர்க் குயவருக்கும் வேலை கிடைத்தது. காய்கறி அழுகுமுன் விற்றுத் தீர்க்க அன்றாடம் சந்தைக்கு ஓடிய பெண்களுக்கு விடுதலை. 2000ல் ரோலக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது.

இந்தப் பானை வறண்ட காற்றில்தான் வேலை செய்யும். ஈரப்பதம் மிகுந்த தெற்கே வேறு வழி வேண்டும். இமோ மாநிலத்தின் நாமேகா இகேக்வோனு அதைத்தான் தேடினார். விவசாயிகளுக்காக வானொலி நடத்தியவர் அவர். 2015ல் 'கோல்டுஹப்ஸ்' என்ற பெயரில், சூரிய ஒளியில் இயங்கும் குளிர் அறைகளைச் சந்தைகளிலேயே நிறுவத் தொடங்கினார். அறையை விவசாயி விலைக்கு வாங்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாடகை. ஆரம்பத்தில் அது 100 நைரா. இரண்டு நாள் தாங்கும் காய்கறி மூன்று வாரம் வரை தாங்குகிறது. மாலையில் வியாபாரி கேட்ட அடிமாட்டு விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை என்பதே இதில் பெரிய லாபம்.

நார்க்கூடைக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி என்ற சின்ன மாற்றமே தக்காளி நசுங்குவதைப் பெருமளவு தடுக்கும். சிக்கல் எங்கே என்றால், காலிப் பெட்டியை 1,000 கிலோமீட்டர் திருப்பி அனுப்பும் செலவு. பெட்டிகளை வாடகைக்கு விட்டு, அந்தந்தச் சந்தையிலேயே திரும்பப் பெறும் ஏற்பாடு இருந்தால்தான் இது நிலைக்கும்.

வண்டும் விஷமும்

காராமணியின் எதிரி வண்டு. வண்டுக்குப் பயந்து, அறுத்த கையோடு மலிவாக விற்கிறார் விவசாயி. இல்லையென்றால் வியாபாரி பூச்சிமருந்தைத் தெளித்துச் சேமிக்கிறார். டைக்ளோர்வாஸ் என்ற மருந்தின் எச்சம் அளவுக்கு மீறி இருந்ததால் 2015ல் ஐரோப்பிய ஒன்றியம் நைஜீரியக் காராமணிக்குத் தடை விதித்தது. இதற்கு மாற்று, மருந்தே இல்லாத ஒரு மூன்றடுக்குப் பை. உள்ளே இரண்டு பாலித்தீன் உறை, வெளியே சாதாரணச் சாக்கு. காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினால் வண்டு மூச்சு முட்டிச் சாகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் இதை மேற்கு ஆப்பிரிக்காவில் பரப்பியது. சில மாதம் பொறுத்து விற்கும் வசதி கிடைத்தாலே விவசாயியின் வருமானம் கூடிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி அப்லாடாக்ஸின். மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பூஞ்சணம் சுரக்கும் இந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நைஜீரியாவின் இபாடன் நகரில் இருக்கிறது சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனம். அங்கே இந்திய விஞ்ஞானி ரணஜித் பந்த்யோபாத்யாயின் குழு, முள்ளை முள்ளால் எடுத்தது. அதே பூஞ்சணத்தில் நஞ்சு சுரக்காத வகைகளைத் தேர்ந்தெடுத்து, சோள மணிகளில் பூசி வயலில் தூவச் செய்தது. நல்ல பூஞ்சணம் கெட்டதை விரட்டுகிறது. 'அஃப்லாசேஃப்' என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்துவிட்டது.

பணம் போன பாதை

மானிய உரம் விவசாயிக்கு வந்து சேர்வது தனிக் கதை. 11 சதவிகித விவசாயிகளுக்குத்தான் அது கிடைத்தது என்று சொன்னவர், வேளாண் அமைச்சராக இருந்த அகின்வுமி அடெசினாவே. 2012ல் அவர் இடைத்தரகர்களை ஒதுக்கி, மானியச் சீட்டை விவசாயியின் செல்போனுக்கே அனுப்பினார். குறைகள் இருந்தன; என்றாலும் பாதை சரி. 2015ல் கெப்பி மாநிலத்தில் தொடங்கிய நெல் விவசாயக் கடன் திட்டம் வேறு மாதிரி முடிந்தது. மத்திய வங்கி 1 லட்சம் கோடி நைராவுக்கு மேல் கொடுத்தது. 2022 ஜனவரியில் தலைநகர் அபுஜாவில் நெல் மூட்டைகளைப் பிரமிடாக அடுக்கிப் படம் பிடித்தார்கள். கடனில் பெரும்பகுதி திரும்பவில்லை.

வங்கிக்குப் போனால் பத்திரம் கேட்பார்கள். 1978ம் ஆண்டு நிலச் சட்டப்படி மாநிலத்தின் நிலமெல்லாம் ஆளுநரின் பொறுப்பில். தலைமுறைகளாக உழுதவரிடம் பெரும்பாலும் காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவருக்குக் கடனும் இல்லை. நிலத்தை அளந்து உரிமைச் சான்று வழங்குவது மிக அவசரமான சீர்திருத்தம்.

பயம் என்ற பயிர்

பானையும் பையும் எட்ட முடியாத பிரச்சினை ஒன்று இருக்கிறது. 2020 நவம்பர் 28 அன்று போர்னோ மாநிலம் ஸபர்மாரி அருகே நெல் அறுத்துக்கொண்டிருந்த விவசாயத் தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் படுகொலை செய்தார்கள். முதலில் அடக்கம் செய்யப்பட்ட உடல்களே 43. வடமேற்கில் வயலுக்குள் கால் வைக்கவும் அறுவடை செய்யவும் ஆயுதக் கும்பல்களுக்குக் 'வரி' கட்ட வேண்டிய கிராமங்கள் உண்டு. நாட்டின் உணவுக் கூடை என்று பெயர் பெற்ற பெனுவே மாநிலத்தில் விவசாயிகளும் மேய்ப்பர்களும் பல ஆண்டுகளாக மோதுகிறார்கள். 2025 ஜூனில் யெல்வாட்டா கிராமத்தில் நடந்த தாக்குதலில் 100க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மேய்ப்பர்கள் தரப்பிலும் ஒரு கதை உண்டு. வடக்கே மேய்ச்சல் வறண்டுவிட்டது. பழைய மாட்டுத் தடங்களில் வீடும் வயலும் வந்துவிட்டன. பெனுவே 2017ல் திறந்தவெளி மேய்ச்சலைத் தடை செய்தது. மாட்டை எங்கே கட்டுவது என்ற கேள்விக்குப் பதில் தரவில்லை. மேய்ச்சல் பண்ணைகளை உருவாக்கும் மத்தியத் திட்டம் 2019ல் வந்தது. கால்நடைக்கென்று தனி அமைச்சகம் 2024ல் வந்தது. பண்ணைகள்தான் வேகமாக வரவில்லை. விதைத்தவர் அறுவடை வரை உயிரோடு இருப்பார் என்ற உத்தரவாதத்தை அரசு மட்டுமே தர முடியும். அது இல்லாமல் குளிர் அறையில் வைக்கச் சரக்கு எங்கிருந்து வரும்?

முடியாது என்று கைவிடவும் காரணமில்லை. 1970களின் முடிவில் நைஜீரிய மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. இபாடனில் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் விஞ்ஞானிகள், அந்தப் பூச்சியின் இயற்கை எதிரியைத் தேடினார்கள். பராகுவே நாட்டில் ஒரு சிறிய ஒட்டுண்ணிக் குளவி கிடைத்தது. 1981ல் அதை நைஜீரிய வயல்களில் விட்டார்கள். குளவி தானாகப் பெருகி, மாவுப்பூச்சியை அடக்கியது. விவசாயி ஒரு காசு செலவழிக்கவில்லை. யாரிடமும் மனுப் போடவில்லை. ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே மாவுப்பூச்சி 2020ல் கேரளத்தில் தென்பட்டது; தமிழ்நாட்டு மரவள்ளித் தோட்டங்களையும் பிடித்தது. அதே இபாடன் நிறுவனத்தின் பெனின் நாட்டு மையத்திலிருந்து அந்தக் குளவியை இந்தியா வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அது வயலில் விடப்பட்டது. நைஜீரிய விவசாயியைக் காத்த தீர்வு, 40 ஆண்டு கழித்து நம் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தரும் விவசாயிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இனி அவருக்கு வேண்டியது நல்ல சாலை, நிலப் பத்திரம், பயமில்லாத வயல். இந்த மூன்றையும் எந்தக் குளவியும் கொண்டுவராது.