கைமடிப் பையனும் மனிதவள ஆய்வுகளும்

மனிதவள மேம்பாடு என்றதும் ஆசிரியர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது டெல்லியில் இருந்த அமைச்சகம். 1985-இல் கல்வி அமைச்சகத்துக்கு வைக்கப்பட்ட அந்தப் பெயர் 2020-இல் மாற்றப்பட்டு, மீண்டும் கல்வி அமைச்சகமே ஆகிவிட்டது. எனக்கு அந்தச் சொல்லின் பொருளைப் புரியவைத்தவன், ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன ஒரு மாணவன்.

காலாண்டு விடுமுறை முடிந்தும் அவன் பள்ளிக்கு வரவில்லை. பல்லடம் பக்கத்தில் உள்ள அவன் வீட்டுக்குப் போனேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்திருந்தான். டெய்லர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக்கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிற வேலை அது. 14 வயது முடிந்துவிட்டதால் கட்டாயக் கல்விச் சட்டமும் துணைக்கு வரவில்லை. அவன் அம்மா சொன்னார்: "படிச்சவனும் கடைசில அங்கதானுங்க சார் வர்றான். இவன் இப்பவே போனா நாலு வருசத்துல டெய்லர் ஆயிருவானுங்க. அப்பறம் சொந்தமா நாலு மெசின் போட்டுக்கலாமுங்க." என்னிடம் பதில் இல்லை. "படித்தால் நன்றாக இருப்பான்" என்று எதையோ சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பதிலைத் தேடித்தான் இத்துறை ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன். படிப்பும் பயிற்சியும் இயந்திரத்தைப் போலவே ஒரு முதலீடு என்று 1961-இல் வாதிட்டவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ். 1970-களின் நடுவில் உதய் பரீக், டி.வி. ராவ் இருவரும் எல் அண்ட் டி நிறுவனத்துக்காக ஓர் அமைப்பை வகுத்தார்கள். நம் நாட்டுக் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவுகளுக்கு அது முன்மாதிரியானது. இந்தக் கட்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஆலைச் சுவருக்குள்ளேயே நடந்தன. கோவையில் 1956-இல் தொடங்கப்பட்ட 'சிட்ரா' எனும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமும் நூற்பாலைத் தொழிலாளரின் திறன், பயிற்சி, உற்பத்தி ஆகியவற்றை அளந்து வந்திருக்கிறது. இன்றும் எம்.பி.ஏ. மாணவர்கள் "முழுமையாக உடன்படுகிறேன்" தொடங்கி ஐந்து கட்டம் போட்ட வினாத்தாளோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறார்கள். (ஒருமுறை எங்கள் பள்ளிக்கும் வந்தார்கள். மணி அடிப்பதற்குள் எல்லாக் கேள்விக்கும் நடுக்கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தேன். அதுவும் ஏதோ ஓர் ஆய்வேட்டில் சதவீதமாக இருக்கும்!)

கம்பெனிக்குள் வருவதற்கு முன் ஒரு தொழிலாளி எங்கே, யாரிடம் கற்றார் என்று ஆய்வாளர்கள் கேட்டபோதுதான் கொங்கு மண்டலம் முக்கியமானது. திருப்பூரில் தங்கி ஆராய்ந்த ஷரத் சாரியின் 'ஃப்ராடெர்னல் கேபிடல்' நூல் 2004-இல் வெளிவந்தது. அந்த அம்மா சொன்னது பொய்யில்லை என்று அது காட்டியது. தொழிலாளியாக நுழைந்து முதலாளியான பலரை அவர் சந்தித்தார். வெற்றிக்கு அவர்கள் சொன்ன காரணம், உழைப்பு.

சாரி அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உழைத்தவர்கள் எல்லோரும் முதலாளி ஆகிவிடவில்லையே! ஏறியவர்களில் பெரும்பாலோர் கொங்கு வேளாளர் விவசாயக் குடும்பத்து ஆண்கள். தொழில் கற்றுத்தரவும், கூட்டுச் சேரவும், கைமாற்றுக் கொடுக்கவும் அவர்களுக்கு உறவும் சாதியும் இருந்தன. பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தவருக்கும் அந்த ஏணி எளிதில் எட்டவில்லை.

அடுத்து ஆய்வு ஊருக்குள் வந்தது. ஜூடித் ஹேயர் கோவை வட்டாரக் கிராமங்களை 1981-82, 1996, 2008-09 என மூன்று முறை ஆராய்ந்தார். பண்ணையாள் முறை தளர்ந்து கூலிக் குடும்பங்கள் கொஞ்சம் பேரம் பேசும் நிலைக்கு வந்ததில் ரேஷன், பள்ளி போன்ற அரசு ஏற்பாடுகளுக்கும் பங்கு உண்டு என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் இருவரும் திருப்பூரைச் சுற்றிய ஊர்களில் இன்னொன்றைப் பார்த்தார்கள். ஓர் ஊரில் பட்டியல் சமூகத்து இளைஞர்கள் பனியன் கம்பெனிக்குப் போய்த் திரும்புகிறார்கள். இன்னோர் ஊரிலோ விசைத்தறிக்கு வாங்கிய முன்பணம் குடும்பங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே தொழில் வட்டாரம்தான்.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலை விடுதிகளுக்குப் போன சிறுமிகளைப் பற்றி 2011-க்குப் பின் அறிக்கைகள் வந்தன. இப்போது பீகார், ஒடிசா தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வுகள் பெருகுகின்றன. அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பறையிலேயே இருக்கிறார்கள்.

இவற்றைப் படித்தபின் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். இடையில் நின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: யார் வேலைக்குக் கூட்டிப்போனார், முதலில் என்ன வேலை, ஐந்து வருடம் கழித்து என்ன வேலை. சேர்க்கைப் பதிவேடும் கைபேசியும் போதும். எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இல்லாத விவரம் நம் பீரோவில் இருக்கிறது. அந்தக் கைமடிப் பையன் இப்போது ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் சம்பளம் குறைவில்லை. சொந்த மெஷின் இன்னும் போடவில்லை.

போன வருடம் இன்னொரு மாணவனின் அப்பாவிடம், பெயர்களை மறைத்துக்கொண்டு, அந்தப் பக்கங்களைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல சொந்தமா மெசின் போட்டவீக எத்தன பேருங்க?"

"ரெண்டு பேருங்க."

"அவீங்க யாரூட்டுப் பசங்க?"

ஒருவன் மாமா கம்பெனி வைத்திருப்பவர், இன்னொருவன் அப்பாவுக்குத் தோட்டம் உண்டு என்றேன். அவர் நோட்டை மூடிக் கொடுத்தார். திங்கட்கிழமை பையன் வகுப்பில் இருந்தான்.