கடலிலிருந்து ஒரு மலைக்கு

பழவேற்காட்டில் ஏறுவதற்கு எதுவும் இல்லை. ஏரியின் சராசரி ஆழமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கரையும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் படுத்துக் கிடக்கும் ஊர். உயரம் என்று சொல்லிக்கொள்ள இருப்பவை கலங்கரை விளக்கமும், கோயில் விமானமும், பள்ளிவாசலும், மாதா கோயிலும்தான். இந்தத் தட்டை நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஆடி மாதம் வந்தால் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு ஒரு மலைக்குப் புறப்படுகிறார்கள். மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரத்துக்கு, திருத்தணி முருகன் கோயிலுக்கு.

அந்த மலையைத் தேடி நான் போன கதை திருத்தணியில் தொடங்கவில்லை. லைட் ஹவுஸ் குப்பத்துக் கரையில் தொடங்கியது. முதல் நாள் இரவு நல்ல மழை. விடிந்தபோது தூசி அடங்கி வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. வலையில் சிக்கிய நண்டைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மேக்கால பாரு தம்பி, மலை தெரியுதா?"

தெரிந்தது. ஏரிக்கு அப்பால், பனைமரங்களின் தலைக்கு மேலே, சாம்பல் நீலத்தில் ஒரு கீற்று. காட்டாமல் போயிருந்தால் மேகம் என்றுதான் நினைத்திருப்பேன்.

அது நகரி மலைத்தொடர். அதன் ஒரு சிகரம் பக்கவாட்டில் படுத்திருக்கும் மனிதனின் மூக்கைப்போல நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்கார மாலுமிகள் அதற்கு 'நகரி மூக்கு' என்றே பெயர் வைத்து, சோழமண்டலக் கரைக்கு வரும் கப்பல்களுக்கு அடையாளமாகக் குறித்து வைத்தார்கள். உயரம் சுமார் 2,800 அடி. கணக்குப்படி அவ்வளவு உயரமுள்ள மலை, வானம் தெளிவாக இருந்தால் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் தெரியும். பழவேற்காட்டுக் கரையிலிருந்து அது ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்களின் கப்பல்களுக்கும் கரையில் கண்ணுக்குப் பிடிபடும் மேடு எதுவும் கிடையாது. மணல்திட்டுகள் நிறைந்த இந்தக் கரையை நெருங்குகிறவனுக்கு முதலில் தென்படுவது தொலைதூரத்து மலைதான்.

கப்பல்காரனுக்கு மட்டுமல்ல, மீன்காரனுக்கும் மலை வழிகாட்டி. ஜிபிஎஸ் கருவி கைக்கு வருமுன் கடலில் ஓர் இடத்தை மறுபடி கண்டுபிடிப்பது எப்படி? கரைக்குக் கிட்டத்தில் ஓர் அடையாளம், தொலைவில் ஓர் அடையாளம். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேரில் வர வேண்டும். வேறு திசையில் இன்னொரு சோடியும் அப்படியே நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையை இறக்கலாம். குமரி மாவட்டக் கடற்கரையில் இதற்குக் 'கணியம்' என்று பெயர். கோயில் கோபுரம், பனைமரம், மாதா கோயில் சிலுவை, மலையுச்சி எல்லாம் அதில் எழுத்துகள். மலை மறைந்தால் எண்ணம் தடுமாறும். மலை தெரிந்தால் கரை எந்தப் பக்கம் என்பது நிச்சயம்.

ஏரிக்குள் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே மனிதர்கள் போட்டுக்கொண்ட ஒழுங்கு இருக்கிறது. 'பாடு' என்று அதற்குப் பெயர். எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கம் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்மாதா குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. ஏரியில் இடத்தை ஊர் சொல்லும். கடலில் இடத்தை மலை சொல்லும்.

365 படிகள்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், மறுபடி திருத்தணிக்கு ரயில். அரக்கோணம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே நிலம் மெல்லப் புடைக்கத் தொடங்குகிறது. கரையிலிருந்து கீற்றாகத் தெரிந்த மலைகள் இப்போது பாறையும் புதருமாக, தனித்தனி முகத்தோடு நிற்கின்றன.

கோயில் இருக்கும் தணிகை மலை பெரிய மலை அல்ல. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். உச்சி வரை கார் போகும் சாலையும் உண்டு. ஆனாலும் டிசம்பர் 31 அன்று இரவு படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்புகழ் பாடி ஏறும் கூட்டத்துக்கு 365 என்பது எண்ணிக்கை மட்டுமல்ல. கழிந்த ஆண்டைக் காலால் எண்ணி முடிக்கும் கணக்கு. ஆடிக் கிருத்திகை அன்று பூக்காவடிகள் படியை நிறைத்துவிடும். மலையடிவாரத்தில் சரவணப் பொய்கையில் முழுக்கு, மொட்டை, பிறகு ஒரே மூச்சில் 'அரோகரா' என்று ஏற்றம்.

கடலோரத்துக்காரர் இங்கே வருவதில் புராணத்தின் ஒரு பொருத்தமும் இருக்கிறது. முருகன் சூரனோடு போரிட்டது திருச்செந்தூரில், கடற்கரையில். அந்தச் சினம் தணிந்து அமர்ந்தது இந்த மலையில். தணிகை என்ற பெயரே அதனால் வந்தது என்பார்கள். அதனால்தான் கந்த சஷ்டியில் மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே அது நடப்பதில்லை. பூக்களைக் குவித்து புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். தொல்காப்பியம் மலைநிலத்துக்குச் சேயோன் என்ற முருகனையும் கடல்நிலத்துக்கு வருணனையும் பிரித்துக் கொடுத்தது. மக்கள் அந்தப் பிரிவை அவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சந்நிதிக்கு எதிரே நிற்கும் யானையைப் பாருங்கள். முருகனுக்கு மயில்தானே வாகனம்? இங்கே ஐராவதம். தெய்வானையின் சீராக இந்திரன் கொடுத்த வெள்ளை யானை அது. அது வந்த பிறகு இந்திரலோகத்தின் செல்வம் குறையத் தொடங்க, யானையின் பார்வையாவது தன் ஊர்ப் பக்கம் இருக்கட்டும் என்று இந்திரன் கேட்டுக்கொண்டானாம். அதனால் யானை சாமியைப் பார்க்காமல் கிழக்கே பார்த்து நிற்கிறது. பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கும் யானை!

இசைக்காரர்களுக்கும் இந்தப் படிகள் முக்கியம். முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கிருதியான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'வை மாயாமாளவகௌளையில் இங்கேதான் பாடினார். அதற்குமுன் முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டைப் போட்டு மறைந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

கோடு போட்ட வரைபடம்

கோயிலைச் சுற்றிவந்து வடக்குப் பக்கம் நின்றால் நகரி மலைகள் முழுசாகத் தெரிகின்றன. கரையிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்த அதே மலை, இப்போது கிட்டத்தில், வெயிலில் பாறை மடிப்புகளோடு நிற்கிறது. ஆனால் அது வேறு மாநிலம்.

நான் நின்ற இடமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பு எனப் பல படிகளைக் கடந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. பழவேற்காடு இருப்பது பொன்னேரி வட்டத்தில். மலையை மீட்டுத் தந்த அதே கோடு, ஏரிக்காரர்களின் அக்கம்பக்கத்து ஊர்களை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் இன்று ஆந்திரத்தில்தான் இருக்கிறது.

மீனுக்கும் பூநாரைக்கும் இந்தக் கோடு தெரியாது. கடலிலிருந்து மலையைப் பார்ப்பவன் கண்ணிலும் அது விழாது. அவன் பார்ப்பது ஒரே மலைத்தொடர்.

கிழக்கே திரும்பிக் கடலைத் தேடினேன். தெரியவில்லை. தெரியவும் தெரியாது, அதற்குத் தணிகை மலையின் உயரம் போதாது. கரையிலிருந்து நகரி மலையைப் பார்க்கலாம். இங்கிருந்து கரையைப் பார்க்க முடியாது. மலையை மலையென்று முழுதாக அறிந்தவர்கள் அதன் மேல் நிற்பவர்கள் அல்ல, தொலைவில் தண்ணீரில் ஆடிக்கொண்டே அதைத் தேடியவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

திருத்தணிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். முழங்கால் ஒத்துழைத்தால் காரைக் கீழே விட்டுவிட்டுப் படியேறுங்கள். சாமி கும்பிட்ட கையோடு பிரசாதக் கடைக்கு ஓடாமல், வடக்குப் பக்கம் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அங்கே தெரியும் மலைதான் பழவேற்காட்டுப் படகுகளுக்குக் கரையைக் காட்டியது.