பலாவின் நிறமே போதும்

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில், பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக் கொல்லைப் பலாமரம் சாய்ந்தது. என் தந்தையார் நட்ட மரம் அது. ஒரு பலகையை மட்டும் காத்து வைத்திருந்தேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், சுவாமிமலையில் வார்த்த எங்கள் சிறிய முருகன் திருவுருவத்துக்கு அதில் பீடம் செய்வித்தேன்.

எந்த வண்ணம் பூசுவது? பேரப்பிள்ளைகள் பொன்வண்ணம் என்றனர். நான் பளபளக்கும் அரக்கு மெருகைத் தேர்ந்தேன். சில நாட்களிலேயே அபிஷேக நீர் பட்ட இடங்கள் வெளுத்தன. கண்ணும் முருகனை விட்டுப் பீடத்துக்கே சென்றது.

“வீணைக்கு ஏற்ற மரம் ஐயா, இதற்கு வேறு நிறம் எதற்கு?” என்றார் தச்சு ஆசாரி. உப்புத்தாளால் மெருகைத் தேய்த்து நீக்கினார். பலாவின் மஞ்சள் நிறம் வெளிப்பட்டது. ஆண்டுகள் செல்ல அது பழுப்பேறும். நல்லெண்ணெய் உலராது, பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும் என்பதால், உலரும் தன்மையுள்ள ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மிகுதியைத் துடைத்து உலரவிட்டார். இவ்வாறு மூன்று முறை. எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றக்கூடும். ஆதலால் வெளியில் விரித்து உலர்த்தினோம்.

இப்போது அபிஷேகத்தைத் தாம்பாளத்தில் செய்து, ஈரம் துடைத்த பின்னரே முருகனைப் பீடத்தில் எழுந்தருளச் செய்கிறோம். தந்தைக்கு உபதேசித்த சுவாமிநாதனை, என் தந்தை நட்ட மரம் தாங்கி நிற்கிறது.