மண்டலங்களுக்கிடையே ஒரு மங்கிய ஒளி

விண்மீன்களின் இருப்பிடம் விண்மீன் மண்டலங்களே என்பது பொதுவான கருத்து. நமது சூரியனும் பால்வீதி என்னும் மண்டலத்தைச் சேர்ந்ததே. இத்தகைய மண்டலங்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஈர்ப்பு விசையால் பிணைக்கப்பட்டுப் பெருங்கொத்துகளாக அமைந்துள்ளன. ஆனால், இக்கொத்துகளில் எந்த மண்டலத்தையும் சாராமல், இடைவெளியில் திரியும் விண்மீன்களும் உண்டு. அவற்றின் ஒளி மெல்லிய புகைபோல் கொத்தெங்கும் பரவியிருக்கிறது.

கண்டறிந்த வரலாறு

ஏறத்தாழ 32 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கோமா கொத்தில் இவ்வொளியை முதன்முதலாக, 1951ஆம் ஆண்டில், ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்னும் வானியலறிஞர் எடுத்துரைத்தார். இரவு வானத்தின் இயல்பான ஒளியில் ஒரு சதவீதத்திற்கும் குறைவாகவே இது இருப்பதால், இதனை அளவிடுதல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. விண்வெளியில் இயங்கும் ஹப்பிள் தொலைநோக்கி இக்குறையைப் பெரிதும் நீக்கியது. ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஏபெல் 2744 என்னும் கொத்தில், சுமார் 20,000 கோடி விண்மீன்கள் இவ்வாறு சிதறியுள்ளன என்றும், கொத்தின் ஒளியில் ஏறத்தாழ 10 சதவீதம் அவற்றினுடையது என்றும் 2014இல் மதிப்பிடப்பட்டது. இவற்றை விட்டுவிட்டால், கொத்தின் விண்மீன் கணக்கு அந்த அளவிற்குக் குறைந்துவிடும்.

எவ்வாறு தோன்றியது?

மண்டலங்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது, ஈர்ப்பு விசையின் ஏற்றத்தாழ்வினால் அவற்றின் வெளிப்புற விண்மீன்கள் பறிக்கப்படுகின்றன. சிறு மண்டலங்கள் முற்றிலும் சிதைவதும் உண்டு. இது காலப்போக்கில் சிறுகச் சிறுக நிகழ்ந்ததாயின், பழங்காலக் கொத்துகளில் இவ்வொளியின் பங்கு குறைவாக இருத்தல் வேண்டும். தொலைவிலுள்ள கொத்தின் ஒளி நம்மை வந்தடையப் பல கோடி ஆண்டுகள் ஆவதால், அதன் பழைய நிலையையே நாம் காண்கிறோம். எனவே இதனைச் சோதித்தறிய வழியுண்டு. தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 1,000 கோடி ஒளியாண்டுத் தொலைவு வரையுள்ள 10 கொத்துகளை ஆராய்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டனர். பங்கு குறையவில்லை. ஆகவே, இவ்விண்மீன்களில் பெரும்பகுதி கொத்துகள் உருவான தொடக்கக் காலத்திலேயே சிதறியிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதுகின்றனர்.

பயன் யாது?

கட்புலனாகாத கரும்பொருளே கொத்தின் எடையில் பெரும்பங்கு என்பது இன்றைய அறிவியற் கருத்து. மண்டலங்களின் வேகத்தைக் கொண்டு, கோமா கொத்தில் அத்தகைய பொருள் இருத்தல் வேண்டும் என்று 1933இலேயே உரைத்தவரும் ஸ்விக்கிதான். தனித்துத் திரியும் விண்மீன்கள் கொத்தின் முழு ஈர்ப்பிற்கே கட்டுப்பட்டவை. ஆதலால், அவற்றின் ஒளி பரவியுள்ள வடிவம் கரும்பொருளின் வடிவத்தோடு நெருங்கி ஒத்திருப்பதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புறக்கணிக்கத்தக்கதாகத் தோன்றிய மங்கிய ஒளி, காணவியலாத பொருளை அளந்தறியும் கருவியாக இன்று மதிக்கப்படுகிறது.