சீனக் கவிதையும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும்

மூலத்தில் உள்ளதை அப்படியே பெயர்த்து வைப்பவரே மொழிபெயர்ப்பாளர் என்பது பொதுவான எண்ணம். சீனக் கவிதையை ஆங்கிலமாக்குவோருக்கு இஃது இயலுவதன்று.

எட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் வாங் வேய், 'மான் வேலி' என்னும் கவிதையை 20 எழுத்துகளிலேயே அமைத்தார். ஆள் தென்படாது குரல் மட்டும் கேட்கும் மலையே அதன் களம். அங்கே காண்பவர் யார்? தமிழில் எழுவாய் மறைந்திருப்பினும் வினைமுற்றின் விகுதி அதனை உணர்த்திவிடும். பழஞ்சீன வினைச்சொல்லிலோ இடமும் காலமும் காட்டும் விகுதி இல்லை. ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் எழுவாயின்றி அமையாது. மொழிபெயர்ப்பாளர் 'நான்' என்று எழுதினால், கவிஞர் காட்டாத ஒருவர் அம்மலையில் வந்து நின்றுவிடுவார். செயப்பாட்டு வினையாக்கினால் வாக்கியம் தளரும். இரண்டில் ஒன்றை அவரே துணிதல் வேண்டும்.

ஓசையிலும் இதே நிலைதான். 1918-இல் 'நூற்றெழுபது சீனக் கவிதைகள்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்ட ஆர்தர் வேலி, இயைபைக் கைவிட்டார். அதற்கு ஈடாக, ஒவ்வொரு சீன அசைக்கும் ஆங்கிலத்தில் ஓர் அழுத்தம் தர முயன்றார்.

நேயர்கள் ஒரே கவிதையின் இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படித்தல் நன்று. அவை வேறுபடும் இடங்களில் மொழிபெயர்ப்பாளரின் குரல் கேட்கும். மூலம் மௌனம் காத்த இடங்களும் பெரும்பாலும் அவையே.