தோட்டத்து வீடும் சொந்த வீடும்

கெடா மாநிலத்தின் பாலிங் மாவட்டத்தில், கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கூடுமிடத்தில் அமைந்த ஊர் கோலா கெத்தில். இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகளாக உழைத்தனர். வாடகை கொடுத்தறியாத அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நகரத்தில் ஒரு வீடு எட்டாக் கனியாயிருப்பது ஏன்?

விடை லயத்து வீட்டிலேயே இருக்கிறது. அவ்வீடு வேலையோடு ஒட்டியது. நிலமும் கூரையும் நிர்வாகத்தின் சொத்து. பால்வெட்டும் கை ஓய்ந்தாலும், தோட்டம் கைமாறினாலும், குடும்பம் வெளியேற வேண்டியதே. வீடும் கூலியின் ஒரு பகுதியெனக் கொள்ளப்பட்டதால் கையில் வந்த காசு குறைவு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் அத்தகைய வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதித்தது, உரிமையை வழங்கவில்லை.

இந்த ஆபத்து 1950களிலேயே வெளிப்பட்டது. ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். இதற்கு மாற்றாக 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர் உறுப்பினராயினர். அச்சங்கம் 1961இல் வாங்கிய முதல் தோட்டமாகிய புக்கிட் சீடிம் இதே கெடாவில்தான் உள்ளது.

ஆயினும் பெரும்பாலோர் இவ்வழியில் சேர முடியவில்லை. பின்னர் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. நகரையொட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் சுங்கை பட்டாணி போன்ற நகரங்களை நாடின. அங்கு வீட்டுக்கு விலை இருந்தது.

வீட்டின் விலை குடும்பத்தின் மூன்றாண்டு வருமானத்துக்குள் அடங்கினால் அது தாங்கத்தக்கது என்பது ஓர் அளவுகோல். 1982இல் அரசாங்கம் மலிவு வீட்டுக்கு 25,000 வெள்ளியை உச்ச விலையாக விதித்தது. 2003ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 350 வெள்ளி, ஆண்டுக்கு 4,200. அந்த மலிவு வீடே அவருக்கு ஏறக்குறைய ஆறாண்டுச் சம்பளமாகும்.

இன்று நிலைமை நாடு முழுவதற்கும் கடினமாகியுள்ளது. 2016இல் வீடுகளை விலைப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நின்ற வீட்டின் விலை 313,000 வெள்ளி. அவ்வாறே நடுவில் நின்ற குடும்பத்தின் மாத வருமானம் 5,228 வெள்ளி. வீட்டின் விலை ஐந்தாண்டு வருமானத்துக்குச் சமம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதைப் பெறும் கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தாலும், மூன்றாண்டு வருமானம் 122,400 வெள்ளிதான். கெடாவில் விலை தலைநகரைவிடக் குறைவெனினும் சம்பளமும் குறைவே.

வாடகையில்லா வீடு செலவை மிச்சப்படுத்தியது உண்மை. அம்மிச்சம் தொழிலாளியின் கணக்கில் ஏறவில்லை. ஓய்வுபெறும் வயதில் அவர் முன்பணமின்றி நகரச் சந்தையில் முதன்முறை வாங்குவோராய் நிற்கிறார். அப்போது வங்கி நீண்டகாலக் கடன் தருவதும் அரிது. வேலையிலிருக்கும்போதே உழைப்பவனுக்குச் சொத்தில் பங்கு சேரவேண்டும் என்பதே புக்கிட் சீடிம் தந்த பாடம். அப்பாடத்தின் தேவை இன்னும் தீரவில்லை.